பிடுங்கிய குழாய்களின் தோப்பு

சென்ற பொங்கலுக்கு முந்தைய வாரம் மூன்று நாள் திருப்பதிக்கும், அதற்குத் தெற்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊருக்கும் போய்வந்தேன். மலை ஏறவில்லை. "திருப்பதி போனாயே, லட்டு எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. நான் போனது இரும்புக் குழாய்களைப் பார்க்க.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கும் கலையைத் தேடிப் போய், போகும் வழியையும் செலவையும் எழுதிவைப்பேன். கழிவிலிருந்து கலை என்று சொன்னால் மட்டும் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த யானை, பழைய டயரில் செய்த மயில் என்று ஊருக்கு ஒரு ரவுண்டானாவில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. அவற்றைப் பார்த்து வெட்கப்பட்டுத் திருந்திய யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் நவம்பரில் ஒரு தோழி அனுப்பிய படம் வேறு மாதிரி இருந்தது. ஒரு ஹோட்டலின் முன்தோட்டத்தில் துருப்பிடித்த நெடிய குழாய்கள் மரங்களைப்போல் நின்றன. உடம்பெல்லாம் இலை வடிவத்தில் வெட்டிய துளைகள். துளை வழியே வெயில் இறங்கித் தரையில் இலை இலையாகக் கிடந்தது. வற்றிப்போன போர்க் கிணறுகளிலிருந்து பிடுங்கிய குழாய்கள் அவை என்று தோழி எழுதியிருந்தாள். பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

சென்னை சென்ட்ரலில் காலை ரயில். திருப்பதிக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. திருத்தணி தாண்டியதும் ஏரிகள் ஒவ்வொன்றாக நிறைந்து வந்தன. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய காட்சிதான். ஆனால் நீர் நிறைந்த விதம் சரியாக இல்லை. வயலுக்கு நடுவே சிறுபாலத்தின் பாதி மட்டும் நின்றது. ஒரு மாந்தோப்பில் மரங்கள் வேரோடு ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. பல வருடம் பொய்த்த மழை இந்த முறை வந்தபோது சில நாட்களிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ரேணிகுண்டா சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருக்கிறது. தங்குபவர்களாக இல்லாவிட்டாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தோட்டத்தைப் பார்க்க விடுகிறார்கள். வாசலில் இருக்கும் காவலரிடம் சொன்னால் போதும், கட்டணம் இல்லை.

படத்தில் பார்த்ததைவிட நேரில் நன்றாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மொத்தம் இருபத்தொரு குழாய்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். அடியில் ஊர்ப் பெயரும், கிணறு யாருடையது என்பதும் தெலுங்கில் எழுதியிருந்தன. காற்று அடிக்கும்போது மேல்முனைகளில் மெல்லிய ஊதல் கேட்டது, தூரத்தில் யாரோ பாட்டில் வாயில் ஊதுவதுபோல. முன்னால் கருங்கல்லில் ஒரு பலகை. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரி: இறந்துபோன கிணறுகளின் தோப்பு.

இதைச் செய்த பாஸ்கரை முன்பே போனில் பிடித்திருந்தேன். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறைதான் பிழைப்பு. ஓவியக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடத்தில் நின்றவர். பைக்கிலிருந்து இறங்கியதும் தரையில் கிடந்த ஒரு கம்பித் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெல்டிங் ராடு மிச்சம்கூட நான் தூக்கிப் போடமாட்டேன் மேடம். எங்க வீட்ல என்னை 'குப்பை'ன்னுதான் கூப்பிடுவாங்க. குப்பை, சோறு போட்டாச்சு வா, அப்படின்னு."

போர் போடாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது மேலே இருப்பது மண். பாறை அதற்கும் கீழே. மண் சரிந்து துளையை மூடிவிடாமலிருக்கப் பாறை தட்டும் ஆழம்வரை ஒரு குழாயை இறக்குவார்கள். அதற்குக் கேசிங் பைப் என்று பெயர். அதற்குக் கீழே பாறையில் வெறும் துளைதான். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. தொண்ணூறுகளில், திருச்செங்கோட்டு போர் லாரிகள் ஊர் ஊராக வரத் தொடங்கிய காலத்தில், இந்தப் பக்கம் இரும்பில் இறக்கினார்கள். கரும்புக்கும் மாங்கூழ் ஆலைக்கான மாம்பழத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலம். எல்லோரும் போர் போட்டார்கள். பிறகு எல்லோருடைய போரும் வற்றியது.

"வறட்சி வருசத்துல மூணுகால் ஸ்டாண்டும் பைப்ப மேல தூக்குற செயின் பிளாக்கும் வண்டியில போட்டுக்கிட்டு ஊர் ஊரா போனேன்" என்றார் பாஸ்கர். "நான் கேட்டு வாங்கல மேடம். அவங்களே கூப்பிட்டுக் குடுத்தாங்க. எங்களுதையும் பிடுங்கு, எங்களுதையும் பிடுங்குன்னு."

கிழக்கு ஓரத்திலிருந்து மூன்றாவது குழாயின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கறை. துருவின் நடுவே அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பூசை செய்து இறக்கும்போது பூசிய மஞ்சள் என்றார். அழிக்க மனம் வராமல் மேலே வார்னிஷ் அடித்துவிட்டாராம். நான் அந்தக் கறை முன்னால் நெடுநேரம் நின்றேன். அதைப் பூசிய கையைப் பார்க்கவேண்டும் என்று ஓர் ஆசை. பாஸ்கர் ஊரையும் பெயரையும் சொன்னார். பாலசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். வீட்டுக்காரர் பெயர் முனிரத்தினம். அவர் ஊரில் இல்லை. குழாயைக் கொடுத்தது அவர் மனைவி மஞ்சுளா.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. மஞ்சுளா அக்கா எழுதவேண்டாம் என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருப்பதி பேருந்து நிலையம். நேர்ப் பேருந்துக்குக் காத்திருக்காமல் புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாக மாறி மாறிப் போவதே நல்லது. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். காத்திருப்பும் சேர்த்து மூன்று மணி நேரம். பாலசமுத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். போய்வர முந்நூறு ரூபாய் என்று பேச்சு. ஓட்டுநர் தேசப்பனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"பைப்பப் பாக்கவா மெட்ராஸ்லருந்து வந்துக்கீற?"

"ஆமாண்ணா."

"என் ஊட்டாண்ட கூட ரெண்டு கீது. இட்டுக்கினு போயேன்."

வழியெல்லாம் இருபுறமும் போர்களைக் காட்டிக்கொண்டே வந்தார். அது இவருடையது, இது அவருடையது. சில இடங்களில் குழாய் தலை நீட்டிக்கொண்டிருந்தது. சில இடங்களில் ஒரு கல் மட்டும்.

"கையில தேங்கா வச்சிக்கினு நடந்து எடம் பாப்பான் ஒருத்தன். தேங்கா எய்ந்து நின்னா அங்க தண்ணி. எங்க கொல்லையில நாலு எடத்துல நின்னுச்சி. தேங்காதான் நின்னுச்சி, தண்ணி நிக்கல. அந்தே, முடிஞ்சிபோச்சி."

"இப்ப மழை பெஞ்சிருக்கே அண்ணா?"

"பெஞ்சிது. அதான் தமாசு" என்றார். "போய்ப் பாரு."

மஞ்சுளா அக்கா வீட்டு வாசலில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. நான் திருப்பதிக் குழாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் வாளியைக் கீழே வைத்தார். வியப்போ மகிழ்ச்சியோ இல்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள வா பாப்பா" என்றார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"பைப்பு முழுசா கீதா?"

துளை போட்டிருக்கிறார்கள் என்றேன். போனில் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வெயிலு பட்டு மின்னுது. சின்னச் சின்ன ஓட்டையாத்தான் தெரியுது. கீய் பக்கம் சின்ன ஓட்டை இருந்தா நல்லதுதான், தண்ணி உள்ள வரும்" என்றார். பிறகு எழுந்து, "வா, ஒண்ணு காட்றேன்" என்று நடந்தார்.

ஊருக்குப் பின்னால், இரண்டு வயல் தள்ளி, அவர் கோபால் மாமா என்று சொன்ன ஒருவரின் நிலம். நடுவில் ஒரு பழைய குழாய் இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை. குழாய் வாயிலிருந்து தண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்பிய வீட்டில் வழியுமே, அப்படி, சத்தமில்லாமல், நிற்காமல். கீழே வெட்டிய சிறு வாய்க்காலில் இரண்டு பெண்கள் துணி துவைத்தார்கள். அப்பால் நாற்று விட்டிருந்தது. பல வருடம் செத்துக் கிடந்த போர் என்றார் மஞ்சுளா அக்கா. மழை நின்ற மூன்றாவது நாள் குழாயிலிருந்து முதலில் காற்று வந்ததாம், புஸ் புஸ் என்று. குழந்தைகள் பாம்பு என்று ஓடினார்களாம். அப்புறம் தண்ணீர். ஊரில் குழாயோடு இருந்த போர்கள் ஆறிலும் இப்படியே வந்ததாம்.

அங்கே நிற்கும்போதே அவருடைய போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. திரையில் காவலாளிச் சட்டை போட்ட ஒருவர், கையில் சோற்று டப்பா. முனிரத்தினம். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் காவல். சாப்பாட்டு நேரத்தில் அழைப்பார் போலிருக்கிறது.

"துன்னியா?" என்றார் அவர்.

"இன்னும் இல்ல. நீ துன்னு."

"தண்ணி போவுதா இன்னும்?"

மஞ்சுளா அக்கா போனைத் திருப்பி வழியும் குழாயைக் காட்டினார். அந்த முனையில் சிரிப்பு. துணி துவைத்த பெண் ஒருத்தி தலையைத் தூக்கி, "மாமா, வரும்போது சோப்பு வாங்கியா, தண்ணி எங்களுது" என்று கத்தினாள்.

"இது கோபாலுதுதான? நம்பளுத காட்டு மே."

"சிக்னலு இல்ல அங்க. நாளைக்குக் காட்றேன்."

"சரி. சனிக்கெயம சூப்பர்வைசர்கிட்ட பேப்பர் குடுத்துடப் போறேன். போகிக்கு வந்தா வந்ததுதான். இனி இவனுங்களுக்குக் கேட்டு தொறக்கற வேல போதும். வேர்க்கடல போட்டுடலாம், இன்னா?"

"உம்" என்றார் மஞ்சுளா அக்கா.

அழைப்பு முடிந்த பிறகு தம் நிலத்துக்குக் கூட்டிப்போனார். பத்து நிமிட நடை. சிக்னல் நன்றாகவே இருந்தது. புல் மண்டிய மேட்டில் ஒரு பழைய ஆட்டுக்கல் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் புரட்ட நானும் கை கொடுத்தேன். கீழே ஒரு பள்ளம். மழையில் கரைந்த செம்மண் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. நடுவே துளை என்று சொல்ல ஒரு கருமை மட்டும். இடுப்பில் சொருகியிருந்த நூல் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி உள்ளே விட்டார். கயிறு சீக்கிரமே தளர்ந்தது.

"பன்னண்டு அடி. தெனமும் உட்டுப் பாக்கறேன். தெனமும் பன்னண்டு அடிதான். அதுக்குக் கீய மண்ணு உயுந்து மூடிக்கிச்சி."

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சொன்னார். கணவர் பெங்களூருக்குப் போன மறு வருடம் பாஸ்கரின் வண்டி ஊருக்கு வந்தது. "வத்துன போர்ல பைப்ப உடறது பொணத்துமேல கம்மல உட்டு பொதைக்கற மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்க மாமனாரு காலத்துலருந்தே அப்டித்தான். ஒரு போரு செத்தா அதும் பைப்பப் புடுங்கி அடுத்த போருக்குப் போடுவாங்க. ஒண்ணயும் வீணாக்கமாட்டோம். நாங்க அடுத்த போரு போடப்போறதில்ல, அப்பறம் பைப்பு இன்னாத்துக்கு? நாந்தான் குடுத்தேன். அவரக் கேக்கல. குயந்தைங்க உயுந்துடப் போவுதேன்னு கல்லத் தூக்கி வாயில வச்சேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்."

அடுத்த போர் ஏன் போடப் போவதில்லை என்று கேட்டேன். மூன்றாவது போரும் பொய்த்த அன்று முனிரத்தினம் நகரி தேசம்மன் கோயிலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருக்கிறார்: இனி இந்த பூமியில் ஓட்டை போடமாட்டேன் என்று. தழும்பு இன்னும் இருக்கிறதாம்.

"புதுசாப் போட்டாத்தான சத்தியம் முறியும்? பயைய ஓட்டை சத்தியத்துல சேராது" என்றார். "போர் லாரிக்காரன்கிட்ட கேட்டேன். காத்தடிச்சி மண்ண வெளிய தள்ளிட்டு உடனே பைப்ப எறக்கினா புடிச்சாலும் புடிக்கும், கேரண்டி இல்லன்னான். அதே பைப்பு இருந்தா இன்னும் நல்லதுன்னான், அளவு சரியா உக்காரும். நாளைக்கு நானும் திருப்பதி வரேன். அவர் பேப்பர் குடுக்கறதுக்குள்ள ஒண்ணு தெரியணும் எனக்கு."

அவரைத் தடுத்திருக்கலாம். துளைகள் எவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியும். முந்தைய நாள்தான் அவற்றின் நடுவே விரல்களை வைத்துப் படம் எடுத்திருந்தேன். துளை பெரியதுதான் அக்கா என்று இன்னொருமுறை சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நான் திருப்பதிக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு அருகே தங்கும் அறை, ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். மின்விசிறியில் சத்தம் உண்டு, தண்ணீர் உண்டு.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு மஞ்சுளா அக்கா திருப்பதியில் இறங்கினார். பட்டுக் கரை வைத்த புடவை. கையில் ஒரு துணிப்பை. உள்ளே தேங்காய், மஞ்சள்தூள், கற்பூரம். "ஊர்ல குட்டியானைக்காரன்கிட்ட சொல்லி வச்சிக்கீறேன். போன் பண்ணா வண்டி வந்துடும்" என்றார். பாஸ்கருக்குக் காலையிலேயே சொல்லியிருந்தேன்; வாசலில் காத்திருந்தார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மஞ்சுளா அக்கா நேராக மூன்றாவது குழாய்க்குப் போனார். நான் காட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. முதலில் மஞ்சள் கறையைத் தொட்டார். வார்னிஷின் வழவழப்பு அவருக்குப் பிடிக்கவில்லை போலும், விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு இலைத் துளைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. வளையல் தடுத்ததும் நிறுத்தினார்.

"கையே போவுது. மண்ணு நிக்குமா?" என்றார்.

பாஸ்கருக்கு விஷயம் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நான் சுருக்கமாகத்தான் சொல்லியிருந்தேன். அவர் குழாயைச் சுற்றிவந்து துளைகளைக் கையால் தடவினார். "அக்கா, தகடு வச்சு அடைச்சிடலாம். ஒவ்வொண்ணா வெல்டு அடிச்சுத் தரேன். ஹோட்டல்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டே நாள்."

"உள்பக்கம் வெல்டு கட்டி கட்டியா நிக்காதா? மோட்டார் எப்டி எறங்கும்?"

பாஸ்கர் துளையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ இன்னா பண்ணுவ பாவம்" என்றார் மஞ்சுளா அக்கா. "நான் குடுத்தத்தான நீ வெட்டின. நல்லாத்தான் வெட்டிக்கீற. மாவெலயா இது?"

"மாவிலைதாங்கா."

மேலே காற்று ஊதியது. அவர் நிழலுக்கு நகராமல், குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பெங்களூருக்குப் போன் செய்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இன்னா மே இந்நேரத்துல?"

"திருப்பதில கீறேன்."

"கோயிலுக்கா? சொல்லவேயில்ல."

"கோயிலுக்கில்ல. இது இன்னான்னு பாரு." போனைத் திருப்பினார்.

"இன்னாது, கம்பமா?"

"நம்ப பைப்பு. கீய மஞ்சா தெரியுதா? உங்க நைனா பூசினது."

அந்த முனையில் ஏதோ லாரி பின்னோக்கி வரும் பீப் பீப் கேட்டது. யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். முனிரத்தினம் அந்தப் பக்கம் திரும்பி, "தண்ணி டேங்கர் வந்துக்கீது, கேட்டுத் தொறந்துட்டு வரேன், வச்சிடாத" என்றார். நாங்கள் காத்திருந்தோம். இரும்புக் கதவு உருளும் ஒலி கேட்டது. திரும்பி வந்தார்.

"அது எப்டி அங்க வந்துது?"

"நாந்தான் புடுங்கிக் குடுத்தேன். நீ போன மறு வருசம். உங்கிட்ட சொல்லல."

"அப்ப தண்ணி?"

"ஊர்ல பைப்பு இருந்த எல்லாத்துலயும் வந்துது. நம்பளுதுல வரல."

"உன்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று மஞ்சுளா அக்கா தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். எங்கோ தண்ணீர் தொட்டியில் கொட்டும் இரைச்சல் போனில் கேட்டது. பெரிய இரைச்சல்.

"கல்லு உட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். பன்னண்டு அடி."

"எத்தன வாட்டி பாத்த?"

"தெனமும்."

மறுபடியும் இரைச்சல். பிறகு அவர் சொன்னார்: "சரி. பேப்பர் இன்னும் குடுக்கல. லீவு மட்டும் கேக்கறேன். மூணு நாளு தருவாங்க. நீ பொயுதோட ஊட்டுக்குப் போய்ச் சேரு."

அவ்வளவுதான். போன் அணைந்தது. மஞ்சுளா அக்கா அதை இடுப்பில் சொருகிக்கொண்டு துணிப்பையைத் தேடினார். அது பாஸ்கரின் கையில் இருந்தது. தேங்காயை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், "உன் பசங்களுக்குக் குடு, சட்னி அரைக்கட்டும்" என்று அவரிடமே விட்டுவிட்டார்.

வெளியே வரும்போது பலகை முன்னால் நின்றார். எல்லைப்பக்கத்துத் தமிழர்கள் பலரைப்போல அவரும் பள்ளியில் படித்தது தெலுங்கு. என்னால் படிக்க முடியாத அந்த எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டிப் படித்தார்.

"செத்துப்போன போருங்கன்னு எய்திக்கீற."

"ஆமாங்கா."

"நம்பளுது சாவலையே. தண்ணி கீய வந்து நின்னுக்கினுதான் கீது. மேல வர வய்யிதான் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "நாங்க உசுரோட புடுங்கிட்டோம். அத எய்தணும்."

பலகை ஹோட்டலுடையது, கேட்டுத்தான் மாற்றவேண்டும் என்றார் பாஸ்கர். கேட்கிறேன் என்றும் சொன்னார். அவர் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். இந்தப் பதிவை எழுதும் வாரம் அவரிடம் பேசியபோது பலகை மாறவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்தேன். துளைக்குள் என் விரல்கள், மஞ்சள் கறை, இலை நிழல். அழகாகத்தான் இருக்கின்றன. பொருளை வீணாக்காதே என்று புத்தகங்களிலும் கருத்தரங்குகளிலும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஊர் அதைப் புத்தகம் படிக்காமலேயே ஒரு தலைமுறைக்கு முன் செய்யத் தொடங்கிவிட்டது. எந்தத் துண்டும் வீணாகவில்லை. எல்லாம் வேறொன்றாகப் பயன்பட்டது. ஆனால் ஒன்றை மறுபடி பயன்படுத்த, முதலில் அதன் வேலை முடிந்துவிட்டது என்று யாராவது சொல்லவேண்டியிருக்கிறது. முன்பு அதைச் சொல்ல வானம் ஒத்துழைத்தது. வற்றியது வற்றியதாகவே இருந்தது. இப்போது வறட்சி இப்படி நீண்டு, மழை இப்படி ஒரே மூச்சில் விழும் காலத்தில், எது முடிந்தது, எது காத்திருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியவில்லை. மஞ்சுளா அக்கா தவறு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பழைய வானத்தின் கணக்கில் சரியாகச் செய்தார்.

போக நினைப்பவர்களுக்கு. பொங்கல் வாரத்தில் திருப்பதியில் அறை கிடைப்பது கடினம், முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். தோட்டத்துக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போனால் நிழல் நீளமாக விழும். காற்று இருக்கும் நாளில் போங்கள், ஊதல் கேட்கும். பாலசமுத்திரம் பக்கம் போவதென்றால் கைக்காசு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்டோவிலும் போனில் பணம் வாங்குவதில்லை. கடைசிப் பேருந்தை மட்டும் நம்பாதீர்கள். வயல்களில் நடக்கும்போது கவிழ்த்து வைத்த கல்லைக் கண்டால் அதன்மேல் ஏறவேண்டாம், சுற்றிலும் மண் இளகியிருக்கும். உங்கள் நிலத்தில் வற்றிய போர் இருந்தால் குழாயைப் பிடுங்காதீர்கள். வாயை இறுக மூடி, குழந்தை கை வைத்தாலும் திறக்காதபடி பூட்டி, அப்படியே விட்டுவையுங்கள்.

தோட்டத்தில் கிழக்கு ஓரத்திலிருந்து மூன்றாவது குழாயைத் தவறவிடாதீர்கள். அடியில் மஞ்சள் கறை இருக்கும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அது இறந்த கிணற்றின் குழாய் அல்ல.